வாஷிங்டனின் வாரிசு எங்கே?

1860-ம் வருடம், மார்ச் 17. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குள் ஒரு சின்னக் கப்பல் நுழைந்தது. பெயர் கன்ரின் மாரு. மூன்று பாய்மரம், பேருக்கு ஒரு நீராவி எஞ்சின். அதன் சக்தி மொத்தமே நூறு குதிரைத் திறன். துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும் மட்டும்தான் அதை ஓட்டுவார்கள். நடுக்கடலில் காற்று விட்ட வழி.

உள்ளே இருந்தவர்கள் ஜப்பானியர்கள். இடுப்பில் இரண்டிரண்டு வாள். காலில் நார்ச் செருப்பு. உச்சந்தலையை மழித்து, மிச்ச முடியில் ஒரு குடுமி. யார் யாரை வேடிக்கை பார்ப்பது என்று இரண்டு பக்கமும் குழம்பியிருப்பார்கள்.

கரையிலிருந்து மரியாதைக்குப் பீரங்கி முழங்கியது. பதிலுக்கு இவர்களும் சுட வேண்டும். கப்பல் கேப்டன் கட்சு காய்ஷுவுக்கு உதறல். சுடப்போய் எசகுபிசகாக எதுவும் ஆகிவிட்டால் மானம் கப்பலேறிவிடுமே! வேண்டாம் என்றார். நான் சுட்டுக் காட்டுகிறேன் என்றார் ஓர் அதிகாரி. நீ மட்டும் ஒழுங்காகச் சுட்டுவிட்டால் என் தலையையே தருகிறேன் என்றார் கேப்டன். அவர் கச்சிதமாகச் சுட்டுவிட்டார். அப்புறம் சொன்னாராம்: கேப்டன் தலை இனி என்னுடையது. ஆனால் ஊர் போய்ச் சேரும்வரை அவருக்கு அது தேவைப்படும், இப்போதைக்கு அவரே வைத்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் ஒருவர் பார்த்துச் சிரித்து, மனத்தில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்துத் தன் சுயசரிதையில் சொன்னார். அவர் பெயர் ஃபுகுஸாவா யுகிச்சி. வயது 25. அந்தக் கப்பலில் அவருக்கு என்ன உத்தியோகம்? தளபதி கிமுராவுக்கு எடுபிடி. அவ்வளவுதான்.

எப்படி வந்து சேர்ந்தார்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஜப்பான் அப்போது பூட்டிய வீடு. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஷோகன்கள் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும், நகசாகியில் துக்கினியூண்டு ஒரு செயற்கைத் தீவில் குடியிருந்து வியாபாரம் செய்ய அனுமதி. ஜப்பானியர் யாரும் வெளிநாடு போகக்கூடாது. போய்விட்டுத் திரும்பினால் மரண தண்டனை என்பது சட்டம்.

1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி கறுப்பு நிறப் போர்க் கப்பல்களோடு வந்து கதவைத் தட்டினார். தட்டினார் என்பது மரியாதையான வார்த்தை. பீரங்கியைக் காட்டித் திறக்க வைத்தார். 1858-ல் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை உறுதிசெய்யத்தான் ஜப்பானியத் தூதர்கள் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். தூதர்கள் போனது அமெரிக்கப் போர்க்கப்பலில். துணைக்கு நம்முடைய கப்பலும் ஒன்று போனால்தானே கௌரவம்? அதுதான் கன்ரின் மாரு.

யுகிச்சி ஒரு கீழ்மட்ட சாமுராயின் மகன். நகசாகியிலும் ஒசாகாவிலும் உயிரைக் கொடுத்து டச்சு மொழி படித்தவர். 1859-ல், புதிதாகத் திறந்துவிடப்பட்ட யோகோஹாமா துறைமுகத்தை வேடிக்கை பார்க்கப் போனார். கடைகளின் பெயர்ப்பலகையைப் படிக்கமுடியவில்லை. பாட்டில் மேல் ஒட்டிய சீட்டு புரியவில்லை. எல்லாமே ஆங்கிலம்! இத்தனை வருடம் ராப்பகலாகப் படித்த டச்சு, வெளியே செல்லாக் காசு. இன்னொருவராக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யுகிச்சி சோர்ந்து போனது ஒரே ஒரு நாள். மறுநாளே ஆங்கிலம் படிக்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவுக்குக் கப்பல் போகிறது என்று காதில் விழுந்தது. தெரிந்த மருத்துவர் ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாக கிமுராவைப் பிடித்து, வேலைக்காரனாகவாவது கூட்டிப் போங்கள் என்று கேட்டார். கிமுரா உடனே சரி என்றார். உயிரைப் பணயம் வைக்கும் பயணம் அது. ஆசைப்பட்டு வருகிறேன் என்று யாராவது சொன்னால் ஆச்சரியம்தானே!

முப்பத்தேழு நாள் பயணம். பெரும்பாலும் புயல். கேப்டன் முக்கால்வாசி நேரம் கடல் மயக்கத்தில் படுத்துக் கிடந்தார். செலவுக்குக் கொண்டுவந்த வெள்ளி டாலர்கள் தளபதி அறையில் மூட்டை மூட்டையாக இருந்தன. ஒரு ராத்திரி அலை அடித்த அடியில் அலமாரிக் கதவு உடைந்து, டாலர்கள் தரையெல்லாம் சிதறி ஓடின. குனிந்து குனிந்து பொறுக்கி மூட்டை கட்டியது எடுபிடி யுகிச்சி.

அமெரிக்கர் உதவியே இல்லாமல் நாங்களே கடலைக் கடந்தோம் என்று பிற்பாடு யுகிச்சி பெருமையாக எழுதினார். ஆனால் கப்பலில் லெஃப்டினன்ட் புரூக் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் அவருடைய மாலுமிகளும் இருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து வெளியே வந்த புரூக்கின் நாட்குறிப்பு, புயலில் கப்பலைக் கரைசேர்த்ததில் பெரும்பங்கு யாருடையது என்று வேறு கதை சொல்கிறது. போகட்டும். முதல் பயணம் போனவர் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வார்.

இப்போது கரையில் இறங்குவோம்.

வரவேற்க நாலு சக்கரம் வைத்த பெட்டி ஒன்று நின்றது. முன்னால் குதிரைகள். என்ன இது என்று யாருக்கும் விளங்கவில்லை. கதவைத் திறந்தார்கள், ஏறி உட்கார்ந்தார்கள். குதிரைகள் ஓட ஆரம்பித்த பிறகுதான், அடடே, இது வண்டி என்று புரிந்தது.

ஹோட்டல். தரை முழுக்கக் கம்பளம். ஜப்பானில் அந்த மாதிரித் துணியைப் பணக்காரர்கள் அங்குலக் கணக்கில் வாங்குவார்கள். பணப்பை தைக்க, புகையிலைப் பை தைக்க. இங்கே அறை முழுக்க விரித்துப் போட்டு, தெருவில் நடந்துவந்த செருப்போடு அதன்மேல் நடக்கிறார்கள்! சரி, ஊரோடு ஒத்துவாழ் என்று இவர்களும் நார்ச் செருப்போடு பின்னால் நடந்தார்கள்.

பாட்டிலைத் திறந்தார்கள். டமாரென்று ஒரு சத்தம். ஷாம்பெய்ன். கோப்பையில் ஊற்றிக் கொடுத்தபோது உள்ளே ஏதோ மிதந்தது. குளிரெல்லாம் போய்விட்ட வசந்த காலத்தில் பனிக்கட்டி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? சிலர் அப்படியே விழுங்கினார்கள். சிலர் அலறிப்போய்த் துப்பினார்கள். சிலர் கடமுடவென்று கடித்துத் தின்றார்கள்.

யுகிச்சிக்குப் புகை பிடிக்கவேண்டும். சாம்பல் தட்டும் பாத்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. கேட்கக் கூச்சம். புகைத்து முடித்து, சாம்பலைக் காகிதத்தில் மடித்து, நெருப்பு அணைந்துவிட்டதாக நினைத்து கிமோனோவின் அகலக் கைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்து புகை வர ஆரம்பித்துவிட்டது.

ஊரில் எதற்கும் அஞ்சாத ஆள் அவர். சின்ன வயசில், சாமி பெயர் எழுதிய காகிதத்தை மிதித்தால் என்ன ஆகும் என்று ரகசியமாக மிதித்துப் பார்த்த பையன். ஒன்றும் ஆகவில்லை என்றதும் அதைக் கழிப்பறைவரை கொண்டுபோய்ச் சோதித்தவன். அப்பேர்ப்பட்டவர் இங்கே, புகுந்த வீட்டுக்கு முதல்முதலாக வந்த புதுப்பெண் மாதிரி திருதிருவென்று நின்றார். இந்த உவமையைச் சொன்னது நானில்லை, அவரேதான்.

விருந்துக்குப் போனால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து அறை முழுக்கத் துள்ளுகிறார்கள். நடனமாம். சிரித்தால் மரியாதைக் குறைவு. வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டச்சு மருத்துவர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அங்கே வீட்டம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்து விருந்தாளிகளோடு பேசுகிறார். வீட்டுக்காரர் ஓடி ஓடிப் பரிமாறுகிறார். உலகம் தலைகீழாகிவிட்டதா என்ன?

இதுவரை எல்லாம் தமாஷ். யார் எந்த தேசத்துக்கு முதல்முறை போனாலும் இப்படிப் பத்துக் கதை கிடைக்கும். இதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்கர்கள் இவர்களைத் தொழிற்சாலைகளுக்குக் கூட்டிப்போனார்கள். தந்தி இப்படி வேலை செய்யும், உலோகத்துக்கு இப்படி முலாம் பூசுவோம், சர்க்கரையை இப்படிச் சுத்திகரிப்போம் என்று மெனக்கெட்டு விளக்கினார்கள். பாவம் ஆசியாக்காரர்கள், வாயைப் பிளக்கப் போகிறார்கள் என்று நினைப்பு. யுகிச்சி பிளக்கவில்லை. தந்தியின் தத்துவம் அவருக்கு அத்துப்படி. சர்க்கரைப் பாகை ஏன் காற்றழுத்தம் குறைத்துக் கொதிக்க வைக்கிறார்கள் என்பதும் தெரியும். எல்லாம் ஒசாகாவில் டச்சுப் புத்தகத்தில் படித்ததுதான். நேரில் பார்க்கவில்லை, அவ்வளவே.

அவரை அசரடித்தது எது தெரியுமா? குப்பைமேடு.

எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தீ விபத்து நடந்தால் நெருப்பு அணைந்ததும் சாம்பலைக் கிளற ஒரு கூட்டம் ஓடும். எதற்கு? ஆணி பொறுக்க. இரும்பு அத்தனை அருமை. சான் பிரான்சிஸ்கோவிலோ, குப்பையிலும் கடற்கரையிலும் எண்ணெய் டப்பா, உடைந்த கருவி, துருப்பிடித்த இரும்பு என்று இறைந்து கிடக்கிறது. எடுக்க நாதியில்லை. ஒரு தேசத்தின் செல்வத்தை அது தூக்கிப் போடுவதை வைத்தும் அளக்கலாம். யுகிச்சி அளந்தார்.

அப்புறம் ஒருநாள், ஓர் அமெரிக்கரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஜார்ஜ் வாஷிங்டனின் வாரிசுகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? என்ன செய்கிறார்கள்?

ஜப்பானியருக்கு இதைவிட இயல்பான கேள்வி இருக்க முடியாது. மினமோட்டோ யோரிடோமோ, டோகுகாவா இயேயாசு என்று அவர்கள் தேசத்தில் ஆட்சியை நிறுவியவர்கள் எல்லாம் குலத்தை நிறுவியவர்களும்தான். இயேயாசு 1603-ல் ஷோகன் ஆனார். 1860-லும் ஆள்வது அவர் வம்சம். வாஷிங்டன் அமெரிக்காவின் இயேயாசு என்றால், அவர் வம்சம் எப்பேர்ப்பட்ட மாளிகையில் இருக்கவேண்டும்!

கேட்கப்பட்டவர் கொஞ்சம் யோசித்தார். யாரோ ஒரு பெண்மணி இருப்பதாக ஞாபகம், இப்போது எங்கே என்று தெரியாது, யாரையோ கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டதாகக் கேள்வி என்று போகிற போக்கில் சொன்னார்.

யுகிச்சி ஆடிப்போனார். அமெரிக்கா குடியரசு, அதிபரை நாலு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். அதுவும் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் தேசத்தை உருவாக்கியவரின் வாரிசு எங்கே என்பது தெருவில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது, தெரியாததில் வருத்தமும் கிடையாது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகளே கிடையாது. பதில் சொன்னவருக்கு அதுகூடத் தெரியவில்லை. அந்த அறியாமைதான் யுகிச்சிக்குக் கிடைத்த நிஜமான பதில்.

அது ஏன் அவரை அவ்வளவு உலுக்க வேண்டும்? காரணம், அவருடைய அப்பா.

அப்பா பெயர் ஹியாகுசுகே. நகாட்சு என்ற சிற்றரசின் கீழ்மட்ட சாமுராய். நல்ல படிப்பாளி. சீன இலக்கியம், தத்துவம் என்று ஊறியவர். செய்த வேலையோ, ஒசாகா வியாபாரிகளிடம் எஜமானருக்காகக் கடன் வாங்குவது, வட்டிக் கணக்குப் பார்ப்பது. பிடிக்கவே பிடிக்காத வேலை. ஆனால் வேறு வேலைக்குப் போகமுடியாது. கீழ்மட்டத்தில் பிறந்தவன் கீழ்மட்டத்திலேயே சாகவேண்டும். மேல்மட்ட சாமுராய் எதிரே வந்தால் மழையானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் மண்டியிட வேண்டும். மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. குழந்தைகள் விளையாடும்போது பேசுகிற பேச்சில்கூட மேல், கீழ் உண்டு.

கடைக்குட்டி யுகிச்சி பிறந்தபோது, இவனைப் பிக்குவாக்கி மடத்தில் விடப்போகிறேன் என்றார் ஹியாகுசுகே. பக்தியா? கிடையாது. மீன் விற்பவன் மகன்கூட மடாதிபதி ஆக முடிந்த இடம், அவர் அறிந்த ஜப்பானில் மடம் ஒன்றுதான். மகனாவது தப்பிக்கட்டுமே என்ற தவிப்பு. யுகிச்சிக்கு ஒன்றரை வயது ஆனபோது அப்பா செத்துப்போனார். பிற்பாடு அம்மா சொல்லித்தான் மகனுக்கு இது தெரியும். நினைக்கும்போதெல்லாம் அழுததாகவும், அந்தக் குல அமைப்பே தன் தகப்பனைக் கொன்ற பகையாளி என்று கருதியதாகவும் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்தப் பதிலை மறுபடி யோசித்துப் பாருங்கள். அப்பா மடத்தில் தேடிய கதவு, இங்கே ஒரு தேசம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

உண்மையிலேயே திறந்து கிடந்ததா? இந்த இடத்தில் யுகிச்சியின் கண்ணுக்குப் படாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அவர் பார்த்தது கலிஃபோர்னியா. அடிமை முறை இல்லாத மாநிலம். அதே 1860-ல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகள். அங்கே சட்டம் ரொம்ப எளிது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. யாருக்குப் பிறந்தாய் என்ற ஒரே கேள்விதான் ஒரு மனிதனின் விலையைத் தீர்மானித்தது. அவ்வளவு ஏன், 1799-ல் வாஷிங்டன் இறந்தபோது அவருடைய மவுன்ட் வெர்னான் பண்ணையில் முந்நூறுக்கும் அதிகமான அடிமைகள் இருந்தார்கள். ஒரு துறைமுகத்தைப் பார்த்துவிட்டு தேசத்தையே பார்த்துவிட்டதாக நினைப்பது, முதல் பயணத்தில் எல்லோருக்கும் நேர்வதுதான்.

ஆனால் பார்த்த பாதியை வைத்துக்கொண்டு யுகிச்சி என்ன செய்தார் என்பது முக்கியம்.

சான் பிரான்சிஸ்கோவில் அவரும், மொழிபெயர்ப்பாளராக வந்த மன்ஜிரோவும் ஆளுக்கொரு வெப்ஸ்டர் அகராதி வாங்கினார்கள். ஜப்பானுக்குள் அதற்குமுன் வெப்ஸ்டர் அகராதி வந்ததில்லை என்பார் யுகிச்சி. கன்ரின் மாரு ஹவாய் வழியாக ஜூன் மாதம் ஊர் திரும்பியது. மாலுமிகளில் மூன்று பேர் திரும்பவில்லை. நோயில் இறந்து சான் பிரான்சிஸ்கோ மண்ணிலேயே அடங்கிவிட்டார்கள்.

ஊர் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஒப்பந்தத்துக்கு வழிவிட்ட பிரதம ஆலோசகர் ஈ நவோசுகேவை எடோ கோட்டை வாசலிலேயே வெட்டிக் கொன்றிருந்தார்கள். நடந்தது மார்ச் 24. கன்ரின் மாரு அமெரிக்காவைத் தொட்ட ஒரே வாரத்தில். வெளிநாட்டுப் படிப்பு படித்தவன் என்று தெரிந்தாலே வாள் பாயும் காலம். யுகிச்சி பல வருடம் ராத்திரியில் வெளியே போவதையே தவிர்த்தார்.

ஆனால் பேனாவை நிறுத்தவில்லை. 1862-ல் ஐரோப்பா போன தூதுக்குழுவில் மொழிபெயர்ப்பாளராகப் போனார். அங்கேயும் அதே வழிமுறை. இயந்திரத்தைப் பற்றிக் கேட்கமாட்டார், அது புத்தகத்தில் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு யார் பணம் தருகிறார்கள்? தபால் எப்படிப் போகிறது? இப்படி உள்ளூர்க்காரன் பதில் சொல்லவே அலுத்துக்கொள்ளும் கேள்விகள். லண்டன் பாராளுமன்றத்தில் கட்சி கட்டிக்கொண்டு மோதுகிறவர்கள் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்களே, அதெப்படி? எதிரி என்றால் வெட்டவேண்டாமா? இது புரிய அவருக்கு ரொம்ப நாள் பிடித்தது.

பார்த்ததையெல்லாம் தொகுத்து 1866-ல் மேற்குலகின் நிலைமை பற்றி ஒரு புத்தகம் போட்டார். முதல் பாகம் மட்டும் ஒன்றரை லட்சம் பிரதி விற்றதாக அவரே கணக்குச் சொல்கிறார். திருட்டுப் பதிப்பு தனி.

ஷோகன் ஆட்சியின் கடைசி வருடங்களில் நடந்த ஒரு சம்பவம். பொருளாதாரப் புத்தகம் ஒன்றின் பொருளடக்கத்தை கஜானா அதிகாரி ஒருவருக்கு மொழிபெயர்த்துக் காட்டினார். அதில் 'போட்டி' என்ற சொல் வருகிறது. ஜப்பானியத்தில் சரியான வார்த்தை இல்லை. ஓட்டத்தையும் சண்டையையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து 'கியோசோ' என்று உருவாக்கினார். அதிகாரி முகம் சுளித்தார். சண்டை என்று இருக்கிறதே, இதை எப்படி மேலிடத்தில் காட்டுவது? அவன் ஒரு விலை சொல்வான், இவன் அதைவிடக் குறைத்துச் சொல்வான், அதுதான் வியாபாரம் என்று விளக்கிப் பார்த்தார் யுகிச்சி. ம்ஹூம். கடைசியில் அந்தச் சொல்லை மட்டும் மையால் அடித்துவிட்டுக் கொடுத்தார். இன்றைக்கு ஜப்பானில் போட்டிக்கு வார்த்தை 'கியோசோ'தான்.

1868-ல் ஷோகன் ஆட்சி கவிழ்ந்தது. 1872-ல் அவர் எழுதிய கல்வி பற்றிய சிறு பிரசுரம், பிறப்பால் மனிதரில் மேல் கீழ் கிடையாது, வித்தியாசம் வருவது படிப்பால் என்று ஆரம்பித்தது. ஹியாகுசுகே உயிரோடு இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இவ்வளவு பேசியவருக்கும் ஒரு கறை உண்டு. 1885-ல் அவருடைய பத்திரிகையில் பெயரில்லாமல் ஒரு தலையங்கம் வந்தது. எழுதியவர் யுகிச்சிதான் என்பது பொதுவான கருத்து. சீனாவும் கொரியாவும் திருந்துமென்று ஜப்பான் காத்திருக்க வேண்டாம், மேற்கத்தியர் அவர்களை நடத்துவது போலவே நாமும் நடத்துவோம் என்பது அதன் சாரம். 1894-ல் சீனாவோடு மூண்ட போரை அவர் முழு மூச்சாக ஆதரித்தார். மறுவருடம் தைவான் ஜப்பான் கைக்குப் போனது. யுகிச்சி 1901-ல் இறந்தார். 1910-ல் கொரியாவையும் ஜப்பான் விழுங்கியது. மனிதருக்கு மனிதர் மேல் கீழ் பார்க்காதவர், தேசத்துக்குத் தேசம் பார்த்தார். கொரியாவில் இன்றும் அவர் பெயரை யாரும் பாசத்தோடு சொல்வதில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. நான் பி.காம். படித்தவன் என்பதால் இதை விட மனசில்லை.

ஹியாகுசுகே தன் மூத்த பிள்ளைகளை எழுத்துப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். அது வியாபார நகரம். ஆசிரியர் இரண்டு இரண்டு நாலு என்று வாய்ப்பாடும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். சாமுராய் பிள்ளைகளுக்கு வியாபாரி வித்தையா என்று கொதித்து, அன்றோடு பிள்ளைகளை நிறுத்திவிட்டார் அப்பா.

1873-ல் அவருடைய கடைக்குட்டி, அமெரிக்கப் பாடப்புத்தகம் ஒன்றை மொழிபெயர்த்து வெளியிட்டார். கணக்குப்பதிவியல். மறுவருடம் அடுத்த பாகம். பற்று, வரவு என்று இரட்டைப் பதிவு முறையை அது ஜப்பானியருக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லிக்கொடுத்தது.

1984-ல் ஜப்பானின் மிகப்பெரிய நோட்டான பத்தாயிரம் யென்னில் ஒரு புது முகம் வந்தது. 2024-ல் வேறொருவர் முகம் வரும்வரை நாற்பது வருடம், ஜப்பானில் தினமும் கோடிக்கணக்கில் எண்ணப்பட்டது அந்த முகம்தான். வாய்ப்பாடு படித்தால் கௌரவம் போய்விடும் என்று பயந்த ஹியாகுசுகேயின் மகன் முகம்.